ஒரு குடும்பம், ஒரு கார், மாதம் 186 லீற்றர்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மறுபடி திறந்தது. அந்தக் கிழமையே அக்கா அழைத்தார்.

"தம்பி, அத்தான் கார் மாத்தப் போறாராம். ஹைபிரிட் எடுத்தாத்தான் சரி எண்டு பள்ளிக்கூடத்துல எல்லாரும் சொல்றாங்களாம். நீ ஒருக்கா வந்து பாரு."

ஹைபிரிட் என்றால் பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பற்றரியும் சேர்ந்த கார். நான் திருகோணமலை நகரில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் 14 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். அவசரமாகக் கார் மாற்றியவர்கள் ஆறு மாதத்தில் எங்கள் கடை வாசலுக்கு வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். சொந்த அக்கா வீட்டில் அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். அதனால் அந்த வீட்டின் ஓட்டத்தை நானே உட்கார்ந்து அளந்தேன். அந்த அளவையும் அதிலிருந்து எடுத்த முடிவையும் முழுதாக இங்கே எழுதுகிறேன். எண்கள் எல்லாம் நாங்கள் வைத்திருந்த கொப்பியில் உள்ளவை.

வீடும் ஓட்டமும்

வீடு உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அத்தான் கிண்ணியாவுக்கு அப்பால் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறார். அக்காவுக்கு நகரில் அலுவலக வேலை. மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. அத்தானின் அம்மாவும் கூட இருக்கிறார், மாதம் இரண்டு தடவை அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போக வேண்டும். கார் 2001ஆம் ஆண்டின் 1500 சிசி செடான், ஓட்டோ கியர். பின்வளவில் ஒரு 100 சிசி மோட்டார் சைக்கிள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இரண்டு டயரிலும் காற்று இல்லை.

காலை 6:25க்கு எல்லாரும் காரில் ஏறுவார்கள். நிலாவெளி வீதியால் நகருக்கு வந்து பிள்ளைகளையும் அக்காவையும் இறக்கிவிட்டு, அத்தான் பாலையூற்று, சீனன்குடா, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாப் பாலத்தைக் கடப்பார். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது. அதற்கு முன்னர் வாகனங்களைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றித்தான் துறையைக் கடக்க வேண்டும். வீட்டுக் கேற்றிலிருந்து பாடசாலைக் கேற் வரை மீற்றரில் 27 கிலோமீற்றர். போய்வர 54. பின்னேரங்களில் ரியூஷன், கடை, கோயில், அக்காவைக் கூட்டிவருவது. எல்லாம் ஒன்று முதல் ஐந்து கிலோமீற்றர் வரையான ஓட்டங்கள்.

இந்த வீட்டுக்குப் பெற்றோல் என்றால் 2022 தட்டுப்பாடுதான் நினைவு. அப்போது 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய் வரை போனது. பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் அட்டை வந்தபோது கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். அத்தானுக்குப் பாடசாலைக்குப் போய்வர மட்டும் கிழமைக்கு 270 கிலோமீற்றர் வேண்டும். 20 லீற்றரில் அவருடைய கார் அதைத் தொடாது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் உள்ள சீனன்குடாவை ஒவ்வொரு நாளும் கடந்து போகிற மனிதர், இரவெல்லாம் வரிசையில் காருக்குள் படுத்திருக்கிறார். அந்த மாதங்களில் அவரைப் பாடசாலைக்குக் கொண்டுபோனது மோட்டார் சைக்கிளின் 4 லீற்றர்தான். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதைத் தார்ப்பாயால் மூடிவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் மனவருத்தம்.

அளந்த விதம்

"லீற்றருக்கு எவ்வளவு ஓடுது அத்தான்?" என்று கேட்டேன். "ஒரு 12 ஓடும்" என்றார். எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டபோது, வாங்கிய காலத்தில் விற்றவர் சொன்னது என்றார்.

அளக்க முதல் இரண்டு வேலை செய்தோம். டயர்க் காற்றைப் பார்த்தோம். கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் 32 என்று இருந்தது, டயரில் 24தான் இருந்தது. அடுத்தது, அவர் அடித்துக்கொண்டிருந்த 95 ஒக்டேனை 92க்கு மாற்றினோம். ஒக்டேன் எண் எஞ்சின் தட்டாமல் எரிவதற்கான அளவு, அதில் கூடுதல் சக்தி எதுவும் இல்லை. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கான குறைந்தபட்ச ஒக்டேன் 89. அந்தப் பெற்றோலுக்காகச் செய்த எஞ்சினுக்கு 92 தாராளம். 95க்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் அந்தக் காரில் கிலோமீற்றராகத் திரும்பி வராது.

பிறகு நிறைதாங்கி முறை. தாங்கியை நிரப்பி, மீற்றரை எழுதி, ஓடி, திரும்ப நிரப்பும்போது பிடித்த லீற்றரால் ஓடிய தூரத்தைப் பிரிப்பது. இதில் பிழை வருவது பம்படியில்தான். நோசில் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் நிறுத்த வேண்டும். ஆனால் பெற்றோல் செட்டில் நிற்கும் பையன் பழக்கத்தில் கணக்கு ஆயிரமாக வரும் வரைக்கும் இன்னும் இரண்டு, மூன்று தரம் அழுத்துவான். முதல் நாள் அத்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்து, "போதும் தம்பி, விடுங்க" என்று சொல்ல வேண்டி வந்தது. அப்புறம் அவனுக்கும் பழகிவிட்டது. எப்போதும் அதே செட், அதே பம்ப், காலை நேரம்.

நான்கு பாடசாலைக் கிழமைகளில் 1,800 கிலோமீற்றர் ஓடியது. பிடித்தது 186 லீற்றர். லீற்றருக்கு 9.7. விலையைக் கணக்குக்கு 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 55,800 ரூபாய். அத்தான் கொப்பியை வாங்கி, கூட்டலைத் தானே ஒருமுறை சரிபார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார்.

சித்திரை விடுமுறை வந்தபோது இன்னொன்று அளக்க முடிந்தது. பாடசாலை இல்லை, கிண்ணியா ஓட்டம் இல்லை, நகருக்குள் ஓடுவது மட்டும்தான். அதில் லீற்றருக்கு 7.5.

இப்போது இரண்டையும் பிரிக்கலாம். 1,800இல் 1,080 கிலோமீற்றர் கிண்ணியா ஓட்டம், மிச்சம் 720 ஊருக்குள். 720ஐ 7.5ஆல் பிரித்தால் 96 லீற்றர். ஆகவே கிண்ணியா ஓட்டத்துக்குப் போனது 90 லீற்றர், அதாவது லீற்றருக்கு 12. விற்றவர் சொன்ன 12 பொய் இல்லை, நீள ஓட்டத்தில் அது ஓடத்தான் செய்கிறது. ஆனால் மொத்தத் தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கான ஊர் ஓட்டம், பெற்றோலில் பாதிக்கு மேல் குடித்திருந்தது. வீட்டில் எல்லாரும் இவ்வளவு காலமும் குறை சொன்னது கிண்ணியாத் தூரத்தை.

காரணம் சிக்கலானது இல்லை. திருகோணமலையில் குளிர் எங்கே என்று கேட்கலாம். எஞ்சின் தன் முழுத் திறனில் வேலை செய்ய 90 பாகைக்குக் கிட்டப் போக வேண்டும், அதற்கு 30 பாகையும் குளிர்தான். சூடேறும் வரைக்கும் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றும். இரண்டு கிலோமீற்றர் போய் நிறுத்தி, ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தால், அந்தச் சூடேற்றும் செலவு மறுபடியும். அதோடு, வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் ஏசியை முழுதாக முறுக்குகிறோம். அறை குளிரும் நேரம் ரியூஷன் வாசல் வந்துவிடும். பழைய ஓட்டோ கியர் இந்தத் தூரங்களில் மேல் கியரில் நிலைத்து ஓடுவதே அரிது. கோட்டையடியிலும் கடற்கரை வீதியிலும் மான்கள் குறுக்கே வந்தால் நிற்க வேண்டும், பின்னேரம் மாடுகளுக்கும் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிரேக்கும் அதுவரை எரித்த பெற்றோலை வெப்பமாக்கிக் காற்றில் விடுகிறது.

மோட்டார் சைக்கிள்

இதைப் பார்த்த பிறகு நான் காரைப் பற்றிப் பேசவே இல்லை. தார்ப்பாயை இழுத்தேன்.

டயர், ட்யூப், செயின் செட், பற்றரி, காபரேற்றர் கழுவல் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் முடிந்தது. பிள்ளைகளுக்கு அளவான ஹெல்மெட் இரண்டு வாங்கச் சொன்னேன். அந்தச் செலவில் பேரம் பேசக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். ஊர் ஓட்டத்தில் ஒரு பிள்ளையோ ஒரு பையோ மட்டும் போகிற பயணங்களை எண்ணிப் பார்த்தால் மாதம் 300 கிலோமீற்றர் வந்தது. காரில் அதற்கு 40 லீற்றர், மோட்டார் சைக்கிளில் 6. மிச்சம் 34 லீற்றர், 10,200 ரூபாய். திருத்திய செலவு மூன்றாம் மாதத்தில் முடிந்துவிடும். எந்தக் காரை வாங்கினாலும் இந்த விகிதத்தில் மிச்சம் வராது.

எந்தக் கார்

சரி, காரும் 24 வயதானதுதான், மாற்ற வேண்டிய நேரம்தான். மூன்று வகையைப் பார்த்தோம். முதலாவது முழு ஹைபிரிட், மோட்டாரே தனியாகக் காரை நகர்த்தக்கூடியது, டொயோட்டா அக்வா போல. இரண்டாவது இளக்க ஹைபிரிட், எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும் சின்ன மோட்டார் உள்ள 660 சிசி, ஜப்பானிய வேகன் ஆர் போல. மூன்றாவது ஹைபிரிட் இல்லாத 1000 சிசி, மூன்று சிலிண்டர் கார்.

மின்சாரக் காரை அத்தான் சில நாட்கள் யோசித்தார். எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தவை பழைய நிசான் லீஃப். அதன் பற்றரிக்குத் தனியான குளிரூட்டல் இல்லை, வெப்பமான இடங்களில் கொள்ளளவு சீக்கிரம் தேயும். ஆசிரியர் ஒருவர் 54 கிலோமீற்றர் போய்வரத் தினமும் நம்பியிருக்கிற காராக அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விளம்பர எண்களை ஒதுக்கினோம். ஜப்பானின் ஜேசி08 சோதனையில் அக்வாவுக்கு 35 கிலோமீற்றருக்கு மேல். அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர், ஏசி போடுவதில்லை, ஐந்து பேர் ஏறுவதில்லை. காரின் திரையில் வரும் சராசரியையும் நம்பவில்லை. விற்க வருகிறவர் அதைப் பூச்சியமாக்கிவிட்டு, மெதுவாக ஒரு சுற்று ஓடிவிட்டுக் கொண்டுவரலாம். கடைக்கு வரும் வாடிக்கையாளர்களில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஓடுகிற மூவர் ஏற்கெனவே கொப்பி வைத்திருப்பவர்கள். அவர்களின் நிறைதாங்கி எண்களை எடுத்தேன். முழு ஹைபிரிட் நீள ஓட்டத்தில் 22, ஊருக்குள் 20. இளக்க ஹைபிரிட் 19உம் 14.5உம். சாதாரண 1000 சிசி 18உம் 12.5உம்.

எண்ணை மட்டும் பார்த்தால் ஹைபிரிட்தான் ராஜா. ஆனால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற எண் கண்ணை ஏமாற்றும். 1,000 கிலோமீற்றர் ஓட, 10 ஓடும் காரை 12 ஓடும் காராக மாற்றினால் கிட்டத்தட்ட 17 லீற்றர் மிச்சம். 20ஐ 24 ஆக்கினால் 8 லீற்றர்தான் மிச்சம். கீழே இருந்து ஏறும் முதல் படிகளில்தான் பணம் இருக்கிறது. இதை நான் அத்தானுக்கு ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் மூன்று தடவை போட்டுக் காட்டினேன்.

மோட்டார் சைக்கிளுக்குப் போன 300 கிலோமீற்றரைக் கழித்து, அதன் 6 லீற்றரைச் சேர்த்து, மாதக் கணக்கு இப்படி வந்தது. முழு ஹைபிரிட் எடுத்தால் 76 லீற்றர். இளக்க ஹைபிரிட் என்றால் 92. சாதாரண 1000 சிசி என்றால் 100. ஆக, முழு ஹைபிரிட்டுக்கும் சாதாரணத்துக்கும் வித்தியாசம் மாதம் 24 லீற்றர், வருடத்துக்கு 86,400 ரூபாய். எங்களுக்குச் சொல்லப்பட்ட விலைகள் முறையே 72 இலட்சம், 62 இலட்சம், 46 இலட்சம். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் 26 இலட்சம். அதை 8 வீதத்துக்கு வைப்பில் போட்டாலே வருடம் 208,000 ரூபாய். லீசிங்கில் எடுத்தால் வட்டி இன்னும் கூட. பெற்றோல் 470க்குத் திரும்பப் போனாலும் முழு ஹைபிரிட்டின் மிச்சம் அந்த 208,000ஐத் தொடாது. அதையும் போட்டுப் பார்த்தேன்.

விற்கும்போது ஹைபிரிட்டுக்கு நல்ல விலை கிடைக்குமே என்றார் அத்தான். நியாயமான கேள்வி. ஆனால் இந்த விலைகள் இறக்குமதி பூட்டியிருந்த ஐந்து வருடத்தில் ஏறியவை. கதவு திறந்த பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஓடிய காரில் 72 இலட்சத்தைக் கட்டிவைப்பது எனக்குப் பயமாக இருந்தது. கொழும்பு நெரிசலில் தினமும் நிற்கிறவருக்கோ, ஊருக்குள்ளேயே மாதம் 3,000 கிலோமீற்றர் வாடகைக்கு ஓடுகிறவருக்கோ நான் ஹைபிரிட்டைத்தான் சொல்வேன். நின்று நின்று ஓடுவதில்தான் அது பிரேக்கின் சக்தியைப் பிடித்துப் பற்றரியில் போடும், நிற்கும்போது எஞ்சினை அணைக்கும். கிண்ணியா வீதியில் 55இல் சீராகப் போகும் காருக்கு அந்த வேலை குறைவு.

இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பார்த்த ஒரு முழு ஹைபிரிட்டின் பின்சீற்றுக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றினேன். பற்றரியைக் குளிர்விக்கும் காற்று அந்த வழியாகத்தான் போகிறது. வலைக்குப் பின்னால் கடற்கரை மணலும் நாய் முடியும் சேர்ந்து ஒரு விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. விசிறி சுற்றியும் காற்று போக வழி இல்லை. சூடேறிய பற்றரியின் ஆயுள் குறையும், மாற்றச் செலவு இலட்சக் கணக்கில். உரிமையாளர் அப்படியொரு துவாரம் இருப்பதையே அன்றுதான் அறிந்தார். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹைபிரிட் வைத்திருக்கிற யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

கீழே படுத்துப் பார்த்தது

1000 சிசி என்று முடிவானதும் இரண்டு கார்களைப் பார்த்தோம். முதலாவது எங்கள் ஊர்க் கார், துடைத்து மினுக்கி வைத்திருந்தார்கள். கராஜ் பாஸ் கீழே தவழ்ந்து போய், திருப்புளியின் பிடியால் தரைத்தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று வந்த சத்தம் பின்சில்லுக்குக் கிட்ட 'பொத்' என்று மாறியது. திருப்பிப் பிடித்து நுனியால் மெல்ல அழுத்தினார். கறள் ஒரு தட்டாகக் கழன்று அவர் நெற்றியில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, நெற்றியைத் துடைத்து, தலையை ஆட்டினார். கடலோரத்தில் வருடக்கணக்காக நின்ற காருக்கு உப்புக்காற்று செய்கிற வேலை அது. பெற்றோலில் மிச்சம் பிடித்ததைத் தகரவேலைக்குக் கொடுக்க வேண்டி வரும்.

மற்றது அனுராதபுரத்தில் ஓடிய கார், அடித்தகடு சுத்தம். அதையே எடுத்தோம். பழைய கார் 34 இலட்சத்துக்குப் போனது, மேலதிகமாகப் போட்டது 12 இலட்சம். எடுத்த கிழமையே அடியில் கறள்தடுப்புப் பூச்சு அடித்தோம். முன்னால் இரண்டு காற்றுப்பையும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுத்தோம். அதைவிட மலிவான 800 சிசி கார்களை நான் கணக்கிலேயே சேர்க்காததற்குக் காரணம் அதுதான். ஐந்து பேர் ஏறுகிற குடும்பம் இது.

பிறகு

ஜூன் மாதம் காரும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து 101 லீற்றர். எதிர்பார்த்தது 100. ஜூலையில் 106 ஆனது. கச்சான் காற்று அனலாக வீசுகிற மாதம், ஏசி இல்லாமல் மாமியைக் கிளினிக்குக் கூட்டிப் போக முடியாது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அத்தான் பாடசாலையில் வேப்பமர நிழலைப் பிடிக்க ஐந்து நிமிடம் முந்திப் புறப்படுகிறார். ஏறியதும் முதல் சில நூறு மீற்றர் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுகிறார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றவில்லை, ரியூஷனுக்குக் கார்தான் போனது. அந்த மாதம் 122 லீற்றர். அக்கா அதை எழுதும்போது தயங்கினார். நனைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதைவிடச் செலவு, எழுதுங்கள் என்றேன்.

அத்தான் நகரில் ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். கிடைத்தால் கிண்ணியா ஓட்டம் நின்று, காரின் மாத ஓட்டம் 600 கிலோமீற்றர் அளவுக்கு வந்துவிடும். எல்லாம் ஊருக்குள், கார் தன் மோசமான கணக்கில் ஓடும் இடத்தில். கொப்பியில் அதற்காக ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, மேலே "இடமாற்றத்துக்குப் பிறகு" என்று மகள் எழுதி வைத்திருக்கிறாள்.